கத்திரி வந்து நிற்கும் இடம்

பெண்டாட்டியின்மேல் பொறாமைப்பட மற்ற ஆண்களுக்கு இன்னொரு ஆணாவது தேவைப்படும். தொரைக்கு ஒரு ஓங்கில் போதுமாக இருந்தது.

ஓங்கில் என்றால் டால்பின்தான். ஆறு கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்கள் யாரும் டால்பின் என்று சொல்வதில்லை. சொன்னால், படகில் வந்து படம் எடுத்துப் போகும் ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். தொரை என்பதும் அவனுடைய பெயர் இல்லை. தண்ணீரில் நிற்கும்போது இடது பக்கம், வலது பக்கம் எவனையும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பதற்காக வைத்த பட்டம். கிண்டலாக வைத்தார்கள். அவன் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டான்.

இப்போது அந்தத் தொரை, வலது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு, கரையில் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். தண்ணீரில், வரிசையில், அவனுடைய இடத்தில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அங்கே தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறம். கையை விட்டால் விரல் தெரியாது. வலைக்காரர்கள் இடுப்பளவு ஆழத்தில், ஆற்றின் நடுவைப் பார்த்தபடி வரிசையாக நிற்பார்கள். வீச்சுவலையின் ஒரு மடிப்பு முழங்கையில், ஒரு மடிப்பு தோளில், விளிம்பில் கோத்த ஈயக்குண்டு ஒன்று பல்லுக்கிடையில். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். கடல் பக்கமிருந்து ஓங்கில்கள் மடவை மீன் கூட்டத்தை ஆழமில்லாத பக்கமாகத் துரத்திக்கொண்டு வரும். யாராவது ஒருவனுக்கு நேரே வந்து, முதுகை உயரத் தூக்கி வளைத்து, சட்டென்று முங்கும். அதுதான் சைகை. முங்கிய இடத்துக்கு முன்னால் வலை விழ வேண்டும். வலைக்குத் தப்பிச் சிதறும் மீன், காத்திருக்கும் ஓங்கிலின் வாய்க்குள் போகும். யாருக்கு யார் உதவி செய்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு தரப்பும் நாங்கள்தான் என்று சொல்லும்.

எல்லா ஓங்கிலும் இதைச் செய்வதில்லை. வெளிக்கடலில் கூட்டம் கூட்டமாக இருப்பவை இழுவைப் படகுகள் கொட்டுகிற கழிவு மீனுக்குப் பின்னால் சுற்றும். கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. குட்டியாக இருக்கும்போதே தாய் கூட்டி வந்து பழக்கியது மட்டும்தான் வலைக்காரனிடம் வரும். அப்படி வந்ததில் ஒன்று கத்திரி. முதுகுத் துடுப்பின் நுனி, கத்திரிக்கோலால் நறுக்கியதுபோல் இருக்கும். குட்டியாக இருந்தபோது தாயின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது தன் குட்டியை அழைத்துக்கொண்டு வருகிறது. மற்றவர்கள் எல்லோரும் கத்திரியை 'அது' என்பார்கள். தொரை மட்டும் 'அவ' என்பான்.

வரிசைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. சைகை இல்லாமல் வலை வீசக்கூடாது. வீசினால் அது பொய் வலை. வீசியவன் மறுபேச்சில்லாமல் அன்றைக்குக் கரையேறிவிட வேண்டும். இன்னொன்று, வரிசையில் ஓட்டை விழக்கூடாது. விழுந்தால் மீன் கூட்டம் அந்த வழியாக நழுவிவிடும். ஒருவனுக்கு முடியாமல் போனால் அவன் வீட்டிலிருந்து யாராவது வந்து நிற்க வேண்டும்.

பாசி படிந்த படித்துறையில் மீன்பெட்டியோடு வழுக்கி விழுந்து தொரைக்குத் தோளோரக் காறை எலும்பு விட்டுப்போனபோது, அவன் வீட்டில் நிற்க இருந்தது ஒரே ஆள்தான்.

"தங்கச்சி நிக்கட்டும் மாப்ளே," என்றான் மச்சான். மனைவியின் அண்ணன், வரிசையில் தொரைக்கு இடது கைப் பக்கம் நிற்பவன்.

"நிக்கட்டும் நிக்கட்டும். வயல்ல பொம்மை நிக்கிறதில்லையா?" என்று தொரை சிரித்தான்.

அவள் பகலில் கரையோரக் கொட்டகையில் மீன் வெட்டுகிறவள். வீட்டில் வலை முடிகிறவள். முடித்த ஒவ்வொரு வலையையும் கொல்லையில் வெறுந்தரையில் ஒருமுறை வீசி, வட்டம் சரியாக விரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். தொரை அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். போர்வை உதறுவதுபோல அது ஒரு வீட்டு வேலை என்பதற்குமேல் அவன் யோசித்ததில்லை.

மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தவன் கத்திரியின் துடுப்பைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டான். அது வரிசையை ஒட்டியே வந்தது. மச்சானைத் தாண்டியது. தொரையின் இடத்துக்கு நேரே வந்து நின்றது. என்னைத்தான் தேடுகிறாள் என்று பெட்டியிலிருந்து பாதி எழுந்தான். அப்போது முதுகு வளைந்தது. மனைவி இடுப்பைத் திருப்பி வீசினாள். வலை தட்டுபோல் விரிந்து, சத்தமே இல்லாமல் தண்ணீரில் படுத்தது. இழுத்தபோது அவளால் தனியாக இழுக்க முடியவில்லை.

வரிசை முழுக்கக் கூச்சல். "அண்ணி, அப்படிப் போடுங்க!" என்று வலது கைப் பக்கம் நின்ற டெய்லர் கத்தினான். முன்பு தையல்கடை வைத்திருந்தவன். ஊசியை விட்டு வெகுகாலமாகியும் பெயர் மட்டும் விடவில்லை.

அவனைத் தேடி வந்த கத்திரி, அவன் இல்லை என்று திரும்பிப் போகவில்லை. அதுதான் தொரைக்குச் சுருக்கென்றது.

வாரங்கள் போயின. ஒருநாள் சாப்பிடும்போது அவள் முகமெல்லாம் பூரிப்பாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒண்ணு கவனிச்சேன். நம்ம இடத்துக்கு வந்ததும் கத்திரி முதுகைத் தூக்கல. ஒதுங்கி நிக்குது. அந்தக் குட்டி இருக்கில்ல, அதுதான்..."

"மீன்ல உப்பு கம்மி."

"சொல்றதைக் கேளுங்க. குட்டிதான் முன்னால வந்து..."

"ஏய், நான் தண்ணியில எறங்கினப்ப நீ ரெட்டை ஜடை போட்டுக்கிட்டுத் தெருவுல சுத்திக்கிட்டிருந்த. கத்திரியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?"

அவள் உப்புச் சாடியை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

பேச்சு நின்றது தொரைக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. அவள் வாய் திறந்தால் எரிச்சல்; திறக்காவிட்டால் எதையோ மறைக்கிறாள் என்று புகைச்சல். அவள் புயங்கள் வெயிலில் கறுத்து முறுக்கேறியிருந்தன. பாத்திரம் கழுவும்போது ஏதோ முனகிக்கொண்டே கழுவினாள். படுத்தவுடன் தூங்கிப்போனாள். ஒரு கை மட்டும் வேலை செய்கிற ஆளுக்கு இதையெல்லாம் கவனிக்க ஏராளமாக நேரம் இருந்தது.

வைத்தியர் கட்டை அவிழ்த்த அன்றே ஆணியிலிருந்து வலையை இறக்கினான்.

"நாளையிலேர்ந்து நான் போறேன்."

"தோள் தாங்குமா?"

"என் தோள் எனக்குத் தெரியும்."

"சரி," என்றாள். தண்ணீரில் நிற்கப் போட்டுக்கொண்டிருந்த மஞ்சள் சட்டையை அலசிக் கொடியில் போட்டாள். அகன்ற விளிம்புத் தொப்பியைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். மறுநாள் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

கத்திரி வந்தது. நேரே அவனிடம்தான் வந்தது. தொரை பல்லால் ஈயக்குண்டைக் கடித்துக்கொண்டு முதுகு வளையக் காத்திருந்தான். வளையவில்லை. குட்டிதான் குறுக்கே வந்து, இப்படியும் அப்படியும் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தது. 'சனியனே, தள்ளிப் போ' என்று மனதுக்குள் திட்டினான். சற்று நேரத்தில் கத்திரி நகர்ந்தது. டெய்லருக்கு முன்னால் போய் முதுகைத் தூக்கி அழகாக வளைத்தது. டெய்லரின் வலை கனத்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"மாப்ளே, உன்னை மேலயும் கீழயும் பாத்துட்டுப் போகுதே," என்றான் மச்சான். "அடையாளம் தெரியலையோ? கட்டுப் போட்டதுல இளைச்சுட்டியோ என்னவோ."

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அண்ணியை ஒரு நாளைக்கு அனுப்பிப் பாருங்களேன்," என்றான் டெய்லர்.

"ஏன்டா, உன் வலை நெறைஞ்சுதானே வருது? உனக்கென்ன குறை?"

"குறை இல்லண்ணே. உங்க இடத்துக்கு வர வேண்டியதும் சேந்து எனக்கே வருது. கை வலிக்குது."

வரிசை சிரித்தது. தொரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது இரண்டும் சிவந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

கொட்டகையில் வேலை முடிந்த பிறகு அவள் வீடு வரச் சற்று நேரமாகிறது என்பது அவன் மண்டையில் குடைந்தது. ஒரு மாலை, பனிக்கட்டிப் பெட்டிகளின் மறைவில் நின்று பார்த்தான். அவள் படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து வெட்டுப்பலகையைத் தேங்காய்நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் நறுக்கிய துடுப்பு ஒன்று எழும்பியது. பக்கத்தில் சின்னதாக ஒன்று. அவள் மீன் எதையும் போடவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. ஆனால் உதடு அசைந்தது. வீட்டில் ஊமையாக இருப்பவள் தண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு வயிறு எரிந்தது. யார்மேல் இந்த எரிச்சல் என்று யாராவது அந்த இடத்தில் நிறுத்திக் கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. கத்திரியை அவள் தட்டிப் பறித்துக்கொண்டாள் என்றும் இருந்தது. அவளைக் கத்திரி கொண்டுபோய்விட்டது என்றும் இருந்தது.

"யார்கிட்ட பேசிட்டிருந்த?" என்று அவள் வாசல்படி ஏறும்போதே கேட்டான்.

"பலகை கழுவிட்டிருந்தேன்."

"பலகைகிட்டயா பேசின?"

"பலகை குறுக்க பேசாது," என்றாள். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் காலையில் அவன் செய்ததை, தன் இடத்தைப் பெண்டாட்டியிடம் பறிகொடுத்தவன் மட்டும்தான் செய்வான். அவள் கிளம்பிப் போன பிறகு கொடியிலிருந்து அந்த மஞ்சள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். தோள்பட்டையில் தையல் முறுமுறுத்தது. கதவுக்குப் பின்னால் இருந்த தொப்பியை எடுத்துப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

மச்சான் தண்ணீரில் நின்றபடி பார்த்தான். சிரிக்க வாயெடுத்து, தொரையின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான்.

"என்ன மாப்ளே, இது தங்கச்சி சட்டை மாதிரி இருக்கு?"

"என் சட்டை காயல."

டெய்லர் மட்டும் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான்.

கத்திரி வந்தது. அவனுக்கு நேரே நின்றது. பார், சட்டைக்கு மயங்கிவிட்டாள் என்று அவனுக்கு ஒரு நொடி வெற்றியாகவும் மறுநொடி அவமானமாகவும் இருந்தது. குட்டி முன்னால் வந்து புரண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கத்திரி அசையாமல் இருந்தது. ஓரக்கண்ணில், டெய்லர் வலையைத் தோளில் சரிசெய்வது தெரிந்தது. இனி இவனிடம் போய்விடுவாள். வளைக்கப் போகிறாள், இதோ வளைத்துவிட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொரை வீசினான்.

வலை குட்டியின்மேல் விழுந்தது.

ஈயக்குண்டுகள் அதன் முதுகில் தடதடவென்று விழுந்த சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. கயிறு அவன் மணிக்கட்டை இழுத்தது. குட்டியின் மூக்கு கண்ணியில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. கத்திரி இடையில் பாய்ந்து வந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதன் கண்ணை அவன் பார்த்ததே இல்லை. பிறகு வலை கிழிந்தது. இரண்டு துடுப்பும் கடல் பக்கம் போயின.

டெய்லர்தான் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, பொய் வலை."

கிழிந்த வலையோடு, மனைவியின் சட்டையோடு தொரை கரையேறினான். கொட்டகைப் பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவனை அல்ல, தண்ணீரை.

அதற்குப் பிறகு கத்திரி வரவில்லை. மற்ற ஓங்கில்களும் கத்திரியின் உறவுதான், அவையும் தயங்கின. வரிசை காலையிலிருந்து நின்றுவிட்டு, நனைந்த துணியோடு வெறுங்கையாகத் திரும்பியது. பிறகு ஒரு படகோட்டி வந்து, நுனி வெட்டுப்பட்ட துடுப்பையும் ஒரு குட்டியையும் இழுவைப் படகுக்குப் பின்னால் பார்த்ததாகச் சொன்னான்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். மனைவி கிழிந்த வலையை மடியில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

"மாப்ளே, நான் சுத்தி வளைக்கல. வரிசையில எல்லாரும் கேக்கறாங்க. நீ விலகிக்க. தங்கச்சி நிக்கட்டும்."

"ஒரு குட்டிமேல வலை பட்டுடுச்சு. அதுக்கு நான் இடத்தை விடணுமா?"

"ஒரு குட்டியா? அது இன்னைக்குக் கழிவு மீன் பொறுக்கப் பழகிட்டா, நாளைக்கு அதோட குட்டிக்கும் அதைத்தான் காட்டிக் கொடுக்கும். அந்தக் குட்டி அதோட குட்டிக்கு. அப்புறம் நாம தண்ணியில நின்னுக்கிட்டு யார் முதுகைப் பாக்கறது? என் முதுகை நீ பாரு, உன் முதுகை நான் பாக்கறேன்."

தொரை வெடித்தான். "எல்லாம் இவளால! என்ன சொக்குப்பொடி போட்டாளோ, கத்திரி இவளையே தேடுறா. நான் நின்னா என்னை ஆளாவே மதிக்கிறதில்ல."

அவள் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினாள்.

"அது என்னை ஒரு நாளும் தேடல. தினம் உங்ககிட்டதான் வந்து நின்னுச்சு, கொட்டகையிலேர்ந்து பாத்தேன். குட்டி ஒரு பக்கமா சாஞ்சு வெள்ளை வயித்தைக் காட்டுச்சு இல்ல, அதுதான் சைகை. அம்மாவைப் பாத்து முதுகை வளைக்கப் பாத்துச்சு, வரல, சாஞ்சுபோச்சு. நான் அதையே சைகைன்னு எடுத்துக்கிட்டு வலையைப் போட்டேன். அதுவும் சரி, இப்படித்தான் போலன்னு பிடிச்சுக்கிச்சு. அந்த இடம் வந்தா கத்திரி ஒதுங்கிக் குட்டிக்கு விட்டுடும். உங்ககிட்டயும் அப்படித்தான் காட்டுச்சு. நீங்க பாக்கல."

தொரை அந்த வலையின் கிழிசலைப் பார்த்தான்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேன். மீன்ல உப்பு கம்மின்னீங்க."

"அது சரி. அப்புறம்? நான் தெனம் வெறும் வலையோட வந்தேனே, அப்பவாவது வாயைத் தெறந்திருக்கலாம்ல?"

அவள் மடியில் கிடந்த வலையின் ஒரு கண்ணியை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"தெறந்திருக்கலாம். தெறக்கப் பிடிக்கல." குரல் இறங்கிவிட்டது. "நான் நின்னப்ப வந்தது, நீங்க போய் நின்னதும் அப்படியே உங்களுக்கும் வந்துட்டா, நான் அங்க நின்னதுக்கு என்ன அர்த்தம்? அது எனக்குப் பொறுக்கல. அதான் அந்தக் குட்டி அடிபட்டதுல பாதித் தப்பு என்னுது."

மச்சான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, "நான் வர்றேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக் கிளம்பினான்.

அவள் மறுபடி ஊசியை எடுத்துக் கண்ணிகளை முடியத் தொடங்கினாள். தொரைக்கு ஒரு விஷயம் புதிதாக இருந்தது. இத்தனை நாளும் இந்த வீட்டில் தான் ஒருவன்தான் புகைந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தான்.

"உன் கத்தியை எங்க வெச்சிருக்க?" என்று கடைசியில் கேட்டான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொட்டகைக்கு யாராவது போகணும்ல," என்றான்.

கொட்டகைப் பெண்கள் அவனை லேசில் விடவில்லை. "வாங்க தொரை, உக்காருங்க. செதிலை வால்லேர்ந்து தலைக்குச் சீவணும். தலையிலேர்ந்து வாலுக்குச் சீவினா மீனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுற மாதிரி இருக்கும்." அவன் விரலை வெட்டிக்கொண்டபோது, "அது மீன்ல சேத்தி இல்ல, தனியா வைங்க," என்றார்கள். தலையைக் குனிந்து வெட்டினான். ஆனால் உட்காரும் இடத்தை மட்டும், தண்ணீர் தெரிகிற பக்கமாகத் தேர்ந்துகொண்டான்.

அவள் வெறும் தண்ணீரில் பல நாள் நின்றாள். ஒரு காலை கத்திரி தனியாக வந்தது. குட்டி வெகு தூரத்தில், ஆழத்துக்கும் மேட்டுக்கும் நடுவில், உள்ளே வராமல் சுற்றிக்கொண்டிருந்தது. கத்திரி அவளுக்கு நேரே வந்து முதுகை வளைத்து முங்கியது. பழைய, தெளிவான சைகை.

அவள் வீசவில்லை.

"தங்கச்சி! போடு!" என்று மச்சான் அலறினான்.

அவள் வலையைத் தோளோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொழுத்த மடவைகள் அவள் தொடையில் முட்டிக்கொண்டு ஓடின. கத்திரி தனியாகத் தின்றுவிட்டுப் போயிற்று. வரிசை அவளைத் திட்டித் தீர்த்தது. சைகை இல்லாமல் வீசக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. சைகை வந்தும் வீசாமல் இருக்கக்கூடாது என்று இல்லை. அப்படி ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அண்ணி, கோபம் யார்மேல? எங்கமேலயா?" என்றான் டெய்லர்.

"கோபமில்ல. விழாத வலையைக் குட்டி கொஞ்ச நாள் பாக்கட்டும்."

மறுநாளும் வீசவில்லை. குட்டி கொஞ்சம் உள்ளே வந்து பார்த்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். கொட்டகையில் தொரை ஒரே மீனை இரண்டு தடவை செதில் சீவிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் தண்ணீரிலிருந்து கூச்சல் கேட்டது. பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். தொரையும் எழுந்தான். கத்திரி ஒதுங்கி நின்றது. குட்டி அவள் முன்னால் வந்து, முதுகில் வெள்ளை வெள்ளையாக ஈயக்குண்டுத் தழும்போடு, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பழுப்புத் தண்ணீரில் வயிறு பளிச்சென்று ஒரு தடவை தெரிந்தது. அவ்வளவு வெளிச்சமாக இருந்ததா அது? தினமும் தன் மூக்குக்கு நேரே? அவள் இடுப்பைத் திருப்பினாள். வலை, குட்டியை விட்டு நன்றாகத் தள்ளி, வட்டமாக விழுந்தது.

டெய்லர் தண்ணீரைக் கையால் அறைந்துகொண்டு கத்தினான். மச்சான் தங்கையின் வலையை இழுக்க ஓடினான். தொரைக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே இடத்தில்தான். எது எது என்று பிரிக்க அவன் மெனக்கெடவில்லை. கையில் ஒட்டியிருந்த செதிலைத் தேய்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

சாயங்காலம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வறுத்த மீனை அவனே வெட்டி எடுத்து வந்திருந்தான். துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. அவளுக்கு ஒரே அசதி. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவன் அதைப் பார்க்காதவன்போல் பார்த்தான்.

"குட்டி வந்துடுச்சு போல," என்றான்.

"ம்."

"பயமில்லாம வந்துச்சா?"

"கொஞ்சம் பயந்துச்சு. அப்புறம் வந்துச்சு." அவள் ஒரு வாய் சோறு தின்றாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "கத்திரி உங்களை விசாரிச்சுது."

பொய் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் சொல்கிறாள் என்பதும் தெரியும். அவன் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தான். தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தான்.

"என்னன்னு விசாரிச்சா?" என்று கேட்டான்.